அத்தியாயம் 7: கால் வைக்கும் இடம் – தொழி உழவு டிராக்டருக்குப் புட்போர்டும் படியும் தேர்ந்தெடுப்பது

ஐப்பசி பிறந்து கால்வாயில் தண்ணீர் வந்ததும் தாமிரபரணிக் கரையில் ஏரல் சுற்றுவட்டாரத்தில் பிசானப் பருவ நெல்லுக்குத் தொழி உழவு, அதாவது சேற்று உழவு, தொடங்கிவிடும். கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் ஒரு ஏக்கரை அடித்து முடிப்பதற்குள் ஓட்டுபவர் பலமுறை இறங்கி ஏறுவார். ரொட்டவேட்டரில் சுற்றிக்கொண்ட தாளை அறுத்தெடுக்க ஒரு தடவை, உடைந்த மடையை அடைக்க ஒரு தடவை, மூலையில் உழவு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அவர் காலோடு இரண்டு கை அளவு சேறு வண்டியில் ஏறுகிறது. அந்தச் சேறு கீழே விழுந்துவிட்டால் நல்லது. புட்போர்டிலேயே தங்கிவிட்டால் அங்கிருந்துதான் விபத்து தொடங்குகிறது.

டயர் வாங்கும்போது நாலு பேரிடம் கேட்கிறோம். கலப்பைக் கொழு வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம். புட்போர்டு வளைந்துபோனால் மட்டும், வழியில் இருக்கிற பட்டறையில் கிடைத்த தகட்டை வெட்டி வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். இந்த நூலில் இதற்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியதற்குக் காரணம் என் இடது முழங்காலுக்குக் கீழே இருக்கிற தழும்பு.

பல வருடங்களுக்கு முன்னால், புதிதாகப் போட்ட வழவழப்பான இரும்புத் தகட்டின் மேல் கால் வைத்து கிளட்ச்சை மிதித்திருந்தேன். குதிகாலுக்கு அடியில் களிமண் படிந்திருந்தது. குதிகால் ஓர் அங்குலம் வழுக்கியது, அவ்வளவுதான். கிளட்ச் சட்டென்று விடுபட்டு வண்டி ஒரு எட்டு முன்னால் துள்ளியது. நான் பக்கவாட்டில் சரிந்து தகட்டின் விளிம்பில் கால் எலும்பை இடித்துக்கொண்டேன். பின்னால் ரொட்டவேட்டர் அருகே நின்றிருந்தவர் அந்த நொடியில் நிமிர்ந்து நின்றதால் தப்பினார். அவர் குனிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

அந்த ஓர் அங்குலத்தைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள்

நம் பக்கம் ஓடும் டிராக்டர்களை உட்காரும் விதத்தை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம்.

ஒன்று, கியர் பாக்ஸுக்கு இருபுறமும் காலைப் போட்டு, குதிரையில் உட்காருவதுபோல உட்காரும் வண்டி. கியர் கம்பி இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கும். இதில் இடது காலுக்கு ஒரு புட்போர்டு, வலது காலுக்கு ஒரு புட்போர்டு என்று தனித்தனியாகத் தொங்கும். அகலம் குறைவு, விளிம்பு பக்கம். கால் வழுக்கினால் நேராகப் பெரிய டயருக்கும் தரைக்கும் நடுவில் போகும்.

இன்னொன்று, கியர் கம்பி பக்கவாட்டில் இருந்து, காலுக்கடியில் தட்டையான மேடை கொண்ட வண்டி. கால் வைக்க இடம் அதிகம். ஆனால் மேடை அகலமாக இருப்பதால் சேறும் அதிகம் தேங்கும். இதில் மேடையைவிட ஏறும் படிதான் முதலில் அடிபடும்.

முதல் வகைக்குப் புட்போர்டையே மாற்றுவது பலன் தரும். இரண்டாம் வகைக்குப் பெரும்பாலும் படியை மாற்றி, மேடையின் மேல் பிடிப்புள்ள ஒரு தகட்டைப் பதித்தால் போதும். மேடை முழுவதையும் கழற்றி மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், காரணம் கேளுங்கள். அடியில் பெடல் இணைப்புகளும் குழாய்களும் ஓடுகின்றன. அவற்றைக் கலைக்கத் தக்க காரணம் இருக்க வேண்டும்.

பனிமலை கற்றுத்தரும் பாடம்

சேற்றில் கால் நிற்கும் கதையைப் புரிந்துகொள்ள, நமக்குச் சம்பந்தமே இல்லாததுபோலத் தெரியும் ஒரு வண்டியைப் பார்ப்பது உதவும். குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பனியில் ஓடும் ஸ்னோமொபைலைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். சியாச்சினில் நம் ராணுவமும் இதே இனத்து வண்டியைப் பயன்படுத்துகிறது. ஸ்னோ ஸ்கூட்டர் என்று அங்கே பெயர். பைக்கில் உட்காருவதுபோல இருபுறமும் கால் போட்டு உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் நீளமான கால்பலகை. மலைச்சரிவில் போகும்போது ஓட்டுபவர் உட்கார்ந்திருக்க மாட்டார். எழுந்து நின்று, தன் எடையை ஒரு பக்கப் பலகையில் போட்டுத்தான் வண்டியைத் திருப்புவார். அவருடைய உயிர் அந்தப் பலகையில் நிற்கிறது.

அந்தப் பலகையின் எதிரி, பூட்ஸ் அடியில் மிதிபட்டு மிதிபட்டுக் கட்டியாகிவிடும் பனி. கட்டியான பனி கண்ணாடிபோல வழுக்கும். அதனால் மலையில் ஓட்டுபவர்கள் கம்பெனி கொடுத்த பலகையைக் கழற்றிவிட்டு, வேறு பலகை வாங்கிப் போடுகிறார்கள். அதில் பாதிக்கு மேல் ஓட்டைதான் இருக்கும். பனி அந்த ஓட்டை வழியே கீழே போய்விடும். ஓட்டையைச் சுற்றி எழும்பி நிற்கும் பல் பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும். எடை கூடாதிருக்க அலுமினியம்.

நம் தொழியும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. தளர்ந்த சேறு ஒன்றும் செய்யாது. மிதித்து இறுகிய சேறுதான் வழுக்கும். ஆகவே பனிக்குச் சொன்ன சட்டம் களிமண்ணுக்கும் செல்லும்: தங்க இடம் கொடுக்காதே, விழ வழி கொடு. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நாம் வேறுபடுகிறோம். அவர்கள் கனத்த பூட்ஸ் போட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் தொழியில் வெறுங்காலோடு நிற்கிறார்கள். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு அவர்களுடைய பலகையை அப்படியே நகல் எடுத்தால் கால் கிழிந்துவிடும். கீழே பிடிப்பைப் பற்றிச் சொல்லும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

அளவெடுப்பது: தரையில் ஒன்று, சேற்றில் ஒன்று

பட்டறைக்குப் போகுமுன் வீட்டிலேயே மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் அளவு, தரையிலிருந்து முதல் படியின் உயரம். விவசாய இயந்திரங்களுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரங்கள் இது 55 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கின்றன. சராசரி ஆளுக்கு முழங்காலுக்குச் சற்று மேல். அதற்கு மேல் போனால், ஏறும்போது ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கத் தோன்றும். இறங்கும்போது குதிக்கத் தோன்றும். இரண்டுமே கெட்ட பழக்கம். முதல் படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே 30 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

இந்த அளவைக் கெட்டித் தரையில் எடுங்கள். தொழிக்குள் சக்கரம் இறங்கிவிடும், அப்போது படி சேற்றை ஒட்டி வந்துவிடும். தரையில் 55 இருக்கும் படி, சக்கரம் ஒரு சாண் புதைந்தால் 30 சொச்சத்துக்கு வந்துவிடும். அதனால் "ஏற வசதியாக இருக்கட்டும்" என்று படியை மிகவும் தாழ்த்திவிட்டால், வரப்பு ஏறி இறங்கும்போது படி வரப்பில் மோதி வளையும். ஏரல் பக்கத்தில் வளைந்து கிடக்கும் படிகளைப் பார்த்தால், பெரும்பாலும் வரப்புதான் காரணம்.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. தரையை ஒட்டிய முதல் படியை மட்டும் விறைப்பான இரும்பில் தொங்கவிடாமல், கனமான ரப்பர் பெல்ட்டில் தொங்கவிடுவது. மண் அள்ளும் பெரிய இயந்திரங்களில் இதைப் பார்க்கலாம். வரப்பில் பட்டால் மடங்கிக்கொடுக்கும், தாண்டியதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். பழைய கன்வேயர் பெல்ட் துண்டு இதற்கு நன்றாக உழைக்கும். காலை வைத்ததும் ஊஞ்சல்போல ஆடாத அளவுக்குப் பெல்ட் அகலமாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது அளவு, அகலம். படியில் இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க 30 சென்டிமீட்டர் வேண்டும். புட்போர்டில் பாதம் முழுதும், குதிகால் உட்பட, உள்ளே அடங்க வேண்டும். குதிகால் வெளியே தொங்கினால் கிளட்ச் மிதிக்கும்போது நுனிக்காலில் நிற்பீர்கள்.

மூன்றாவது அளவு, பெடலுக்கும் புட்போர்டுக்கும் உள்ள இடைவெளி. கிளட்ச்சையும் இரண்டு பிரேக்கையும் கடைசி வரை மிதித்துப் பாருங்கள். முழுதாக மிதித்த நிலையிலும் பெடலுக்கு அடியில் இரண்டு விரல் போக இடம் இருக்க வேண்டும். புதிய போர்டு பழையதைவிடக் கனமாக இருந்தாலோ, பழைய தகட்டின் மேலேயே புதிய தகட்டைப் பதித்தாலோ இந்த இடைவெளி குறைந்துவிடும். அங்கே காய்ந்த களிமண் கட்டி ஒன்று உட்கார்ந்தால் போதும், பிரேக் முழுதாக இறங்காது. சாலையில் பாரம் ஏற்றிய டிரெய்லர் பெட்டியோடு இறக்கத்தில் வரும்போதுதான் அது தெரியவரும்.

ஓட்டை: பத்து ரூபாய் நாணயக் கணக்கு

பட்டறையில் நமக்குச் சாதாரணமாகக் கிடைப்பவை நான்கு: வெறும் தகடு, செக்கர் பிளேட், வலைபோல விரித்த எக்ஸ்பாண்டட் மெட்டல், ஓட்டை போட்டு விளிம்பை எழுப்பிய தகடு.

வெறும் தகடு இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. அதை இங்கேயே விட்டுவிடுவோம்.

செக்கர் பிளேட் பார்வைக்குப் பிடிப்பாகத் தெரியும். சாலையில் ஓடும் வண்டிக்கும், வாழைத்தார் ஏற்றும் பெட்டிக்கும் அது நல்லது. தொழியில் அதன் புடைப்புகளுக்கு நடுவே சேறு நிரம்பி, நாலு மிதியில் சமமாகிவிடும். அதன் பிறகு அதுவும் வெறும் தகடுதான். செக்கர் பிளேட்தான் போடுவேன் என்றால் ஓட்டை போட்டே ஆக வேண்டும்.

எக்ஸ்பாண்டட் மெட்டலில் சேறு நிற்காது. விலை குறைவு, எடை குறைவு. ஆனால் அதன் கம்பிகள் மெலிதானவை. வெறுங்காலில் நாள் முழுக்க நின்றால் பாதத்தில் வரி வரியாக அச்சு விழும். மெல்லிய வகை சீக்கிரம் குழிந்தும் விடும். கனமான வகையாகப் பார்த்து, நாலு பக்கமும் ஆங்கிள் சட்டம் போட்டு, நடுவில் ஒரு குறுக்குப்பட்டை கொடுத்தால் படிக்குப் பொருந்தும்.

தொழி உழவு வண்டியின் புட்போர்டுக்கு நான் சிபாரிசு செய்வது நான்காவது வகை: ஓட்டை போட்டு, விளிம்பை மேல்நோக்கி எழுப்பிய தகடு. சேறு ஓட்டை வழியே இறங்கும். எழும்பிய விளிம்பு பாதத்தைப் பிடிக்கும்.

ஓட்டை எவ்வளவு பெரியதாக இருக்கலாம்? சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். அது தடையில்லாமல் விழும் ஓட்டையில் நம் ஆற்றுப்பாசனக் களிமண்ணும் விழும். அதைவிடச் சிறிய ஓட்டைகளில் களிமண் அடைப்பானாக உட்கார்ந்துகொள்ளும்; குச்சி விட்டுத்தான் எடுக்க வேண்டும். மேல் எல்லையாக 40 மில்லிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் கட்டைவிரல் உள்ளே போய் மாட்டும். குதிகால் ஊன்றும் இடத்தில் ஓட்டைகளை நெருக்கமாகவும், நுனிக்கால் வரும் இடத்தில் சற்று இடைவெளி விட்டும் போடச் சொல்லுங்கள். களிமண் அதிகம் சேருவது குதிகாலுக்கு அடியில்தான்.

பல் விஷயத்துக்கு வருவோம். பனிமலைப் பலகையில் ரம்பம்போலப் பல் வெட்டியிருப்பார்கள். கனத்த பூட்ஸின் ரப்பருக்கு அது வேண்டும். தண்ணீரில் ஊறிய வெறும் பாதத்துக்கு அது கத்தி. ஓட்டையின் விளிம்பை எழுப்பிய பிறகு, கிரைண்டரால் ஒரு சுற்று மழுக்கச் சொல்லுங்கள். பிறகு உள்ளங்கையை அதன் மேல் வைத்து, உடல் எடையைக் கொடுத்து அழுத்தி, பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். கை நகரக் கூடாது. தோலும் கீறக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றாக அமைந்தால் அந்தத் தகடு தேறியது.

வெளி விளிம்பில் ஒரு விரல் உயரத்துக்குத் தடுப்பு மடிப்பு வைப்பது கால் வெளியே நழுவாமல் காக்கும். ஆனால் நாலு பக்கமும் மடித்துவிட்டால் போர்டு சேற்றுத் தொட்டியாகிவிடும். வெளிப்பக்கம் மட்டும் மடிப்பு, முன்னும் பின்னும் திறப்பு. அதுதான் முறை.

எந்த உலோகம்?

எடையில் தொடங்குவோம். இரும்பு ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 7,850 கிலோ. அலுமினியம் 2,700 கிலோ. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 60 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு இரும்புத் தகடு எடுத்தால் சுமார் மூன்றரைக் கிலோ வரும். அதே அளவில் 5 மில்லிமீட்டர் அலுமினியம் 2 கிலோ. பட்டறையில் தகட்டைக் கிலோ கணக்கில் சொல்வார்கள். இந்தக் கணக்கு தெரிந்தால் தகட்டு விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேட்க முடியும்.

பனிவண்டிக்கு ஒவ்வொரு கிலோவும் முக்கியம். பாரம் கூடினால் பனியில் புதையும். டிராக்டரில் ஒன்றரைக் கிலோ குறைவதால் பெரிய லாபம் இல்லை. நமக்கு எடையைவிடத் துருதான் பெரிய கேள்வி.

தாமிரபரணி புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. அங்கிருந்து ஏரல் அதிக தூரம் இல்லை. கடற்காற்றின் உப்பு நம் வயல் வரைக்கும் வருகிறது. இதோடு உரம். வாழைக்குப் பொட்டாஷ் அதிகம் வேண்டும் என்பது நமக்குத் தெரிந்ததே. அந்த மூட்டையைப் புட்போர்டில் நிறுத்திக் கொண்டுபோவது பல பேரின் பழக்கம். நாம் வாங்கும் பொட்டாஷ் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. இரும்பைத் தின்பதில் கடல் உப்புக்குச் சொந்தக்காரன். மூட்டையில் சிந்திய தூள் ஈரத்தோடு சேர்ந்தால், பெயின்ட் உரிந்த இடத்தில் துரு ஒரே மழைக்காலத்தில் ஓட்டை போட்டுவிடும்.

ஆகவே என் தேர்வு வரிசை இது:

முதலில், 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு. வெட்டு, ஓட்டை, வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த கால்வனைசிங். வேலை முடிந்த பிறகு முக்குவதுதான் முக்கியம். ஏற்கெனவே ஜி.ஐ. பூசிய தகட்டை வாங்கி ஓட்டை போட்டால், ஓட்டையின் விளிம்பில் பூச்சு இருக்காது. துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

அதற்கு வசதி இல்லையென்றால், அதே தகட்டுக்கு இரண்டு கை ரெட் ஆக்சைடு, அதன் மேல் இரண்டு கை எனாமல். அடிப்பக்கத்துக்கும் அதே அளவு அடிக்க வேண்டும். பட்டறையில் அடிப்பக்கத்தை விட்டுவிடுவார்கள். பக்கத்தில் நின்று அடிக்கச் சொல்லுங்கள்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அதை இரும்பு போல்ட்டால் இறுக்கி உப்புக்காற்றில் வைத்தால், இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரத் தொடங்கும். நடுவில் நைலான் வாஷர் வைக்க வேண்டும். அலுமினிய வெல்டிங்கும் எல்லாப் பட்டறையிலும் நடக்காது. ஆகவே உடைந்தால் யார் ஒட்டித் தருவார் என்று தெரிந்த பிறகே அலுமினியத்துக்குப் போங்கள்.

பைப் சட்டம் வேண்டாம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்தது; ஊர் வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. வாழைகள் சாய்ந்தன, நெல் வயல்களில் மணல் மேவியது. நனைந்த வண்டிகளைக் காயவைத்து, ஆயில் மாற்றி, பெட்ரோலும் டீசலும் வடித்து, ஒருவழியாக ஓட்டினோம்.

மாதங்கள் கழித்துத்தான் இன்னொன்று தெரியவந்தது. புட்போர்டைத் தாங்கும் சட்டங்களில், ஆங்கிளும் சேனலும் போட்டவற்றை நாம் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டோம். சதுரப் பைப்பில் செய்த சட்டங்களுக்குள் புகுந்த வண்டல் உள்ளேயே தங்கியது. வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்க, உள்ளே இருந்து அரித்தது. ஏறி மிதித்தபோது பைப் வெல்டிங் பக்கத்தில் பிளந்தது.

சுத்தியலால் தட்டினால் கேட்கும் சத்தமே சொல்லிவிடும்: நல்ல பைப் மணிபோலக் கணீரென்று ஒலிக்கும், வண்டல் அடைந்த பைப் மண்சுவரைத் தட்டுவதுபோல மந்தமாக ஒலிக்கும். உங்கள் வண்டியில் பைப் சட்டம் இருந்தால் இன்றே தட்டிப் பாருங்கள். புதிதாகச் செய்வதென்றால் திறந்த ஆங்கிளோ சேனலோ போடச் சொல்லுங்கள். பைப்தான் என்றால் தாழ்வான இடத்தில் வடிகால் ஓட்டை போட்டே ஆக வேண்டும். சேற்றுக்குச் சொன்ன விதி சட்டத்துக்கும் பொருந்துகிறது: உள்ளே போனது வெளியே வர வழி வேண்டும்.

பொருத்துவது

பட்டறையில் எளிதான வழி வெல்டிங். வண்டிக்கு நல்லது போல்ட். கியர் பாக்ஸ் கூடும் ஆக்ஸில் கூடும் வார்ப்பிரும்பு. அதன் மேல் சாதாரண ராடு வைத்து வெல்டிங் அடித்தால், ஒட்டியதுபோலத் தெரிந்து பின்னால் வெடிப்பு விடும். கம்பெனி போல்ட் துளைகளையே பயன்படுத்தி, இணைப்புப் பட்டை செய்து மாட்டுங்கள்.

புட்போர்டைக் கழற்றித் தரையில் வைத்துத்தான் வெல்டிங் வேலை எல்லாம் நடக்க வேண்டும். வண்டியிலேயே அடிக்க வேண்டிய கட்டாயம் வந்தால், பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே ராடைத் தொட வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு டிரெம் 4 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டது. அந்த வண்டிகளில் டீசல் செலுத்துவதைக் கணினிப் பெட்டி கவனிக்கிறது. வெல்டிங் மின்சாரம் அதில் பாய்ந்தால் புட்போர்டு விலையைப்போலப் பல மடங்கு செலவாகும். அப்படிப்பட்ட வண்டிக்கு, வாரண்டி காலத்தில் எதையும் மாற்றுமுன் டீலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நட்டுகளில் நைலான் வளையம் உள்ள லாக் நட் போடுங்கள். இல்லையென்றால் ஸ்பிரிங் வாஷராவது வேண்டும். போர்டுக்கும் இணைப்புப் பட்டைக்கும் நடுவே ரப்பர் புஷ் வைத்தால் அதிர்வு குறையும், காலில் மரமரப்பும் குறையும். மாட்டிய பிறகு முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பின் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். புதிய இணைப்பு அப்போதுதான் படியும்.

போர்டின் பின்முனைக்கும் பெரிய டயருக்கும் நடுவே ஒரு கை அகலமாவது இடம் வேண்டும். இதை ரப்பர் டயரோடு மட்டும் பார்க்காமல், கேஜ் வீலை மாட்டிவைத்தும் பாருங்கள். அதன் கம்பிகள் வாரிக்கொண்டு வரும் சேறும் தாளும் இடுக்கில் சிக்கினால் போர்டை இழுத்து வளைத்துவிடும்.

படி வைக்கும் இடத்துக்கு மேலே ஒரு கைப்பிடி அவசியம். தரையில் நின்றபடி எட்டும் உயரத்தில் அதன் கீழ்முனை இருக்கட்டும். ஸ்டியரிங் கைப்பிடி ஆகாது, அது திரும்பும். ஏறும்போதும் இறங்கும்போதும் முகம் வண்டியைப் பார்த்தே இருக்க வேண்டும். இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை, எப்போதும் மூன்று பிடி வண்டியில் இருக்க வேண்டும். எவ்வளவு நல்ல படி வாங்கினாலும், முதுகைக் காட்டிக் குதிப்பவரை அது காப்பாற்றாது.

இது ஆள் ஏற்றும் இடம் இல்லை

புட்போர்டை அகலப்படுத்தியதும் ஒரு ஆசை வரும்: "பக்கத்தில் ஒருத்தர் நின்றுகொள்ளலாமே." அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்குக் கூட்டம் திரளும் நாட்களில், சாலையில் டிராக்டர் புட்போர்டிலும் மட்கார்டிலும் ஆட்கள் தொற்றிக்கொண்டு வருவதைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதைத்திருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123ஆவது பிரிவு, வண்டியின் புட்போர்டில் ஆள் ஏற்றிச் செல்வதையும் பயணம் செய்வதையும் தடைசெய்கிறது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அங்கே நிற்பவருக்கும் ஆள் உயரச் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருக்கிறது.

போர்டு டயரின் வெளிவிளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு இருக்கவும் கூடாது. ஏரல் பஜார் மாதிரியான நெருக்கத்தில் அது நடந்துபோகிறவரின் முழங்காலைப் பிடிக்கும்.

பட்டறையில் நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள்

எனக்குத் தெரிந்த ஒரு வெல்டிங்காரரிடம் போர்டு செய்யக் கொடுத்தபோது நடந்த பேச்சு இது.

"அண்ணாச்சி, அஞ்சு எம்.எம்.ல கனமாப் போட்டுத் தாரேன். ஓட்டையெல்லாம் எதுக்கு? தகடு பலம் கொறஞ்சிரும்லா."

"பலம் கீழ ஆங்கிள்ல இருக்கட்டும் தம்பி. மேல சேறு நிக்காம இருந்தாப் போதும்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பட்டறை வாசலில் கிடந்த களிமண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, செக்கர் பிளேட் ஒன்றிலும் ஓட்டைத் தகடு ஒன்றிலும் அப்பினோம். இரண்டின் மேலும் அவரையே வெறுங்காலோடு ஏறி நின்று, பத்துத் தடவை மிதிக்கச் சொன்னேன். செக்கர் பிளேட்டில் புடைப்பு மறைந்து, பாதத்தின் அச்சு மெழுகுபோலப் பதிந்தது. அவர் குதிகாலைத் திருப்பியதும் வழுக்கி என் தோளைப் பிடித்தார். ஓட்டைத் தகட்டின் அடியில் களிமண் விரல் விரலாக இறங்கித் தொங்கியது. மேலே எழும்பிய விளிம்புகள் ஈரத்தோடு மின்னின.

"சரிதான் அண்ணாச்சி. எல்லாருக்கும் இனிமே இப்பிடியே போட்டுத் தாரேன்" என்றார். இப்போது அவரே தம் வாடிக்கையாளர்களிடம் களிமண்ணைக் குழைத்துக் காட்டுகிறார்.

இந்தச் சோதனைக்குச் செலவில்லை, ஐந்து நிமிடம் போதும். எந்தப் பட்டறையிலும் கேட்கலாம். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பராமரிப்பு

உழவு முடிந்த அன்றே, சேறு காயுமுன் தண்ணீர் அடித்துவிடுங்கள். காய்ந்த களிமண்ணைச் சுரண்டும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும். தண்ணீரை அடியிலிருந்து மேல்நோக்கி அடித்தால் ஓட்டைகள் தானே திறந்துகொள்ளும். உர மூட்டை வைத்த நாளில் கட்டாயம் கழுவ வேண்டும். பூ ஒன்றுக்கு ஒருமுறை, அதாவது கார் பருவத்துக்கு முன்னும் பிசானத்துக்கு முன்னும், நட்டுகளை இறுக்கி, உரிந்த இடத்துக்குப் பெயின்ட் தொட்டு, எழும்பிய விளிம்புகள் தேய்ந்து மழுங்கிவிட்டனவா என்று உள்ளங்கைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். புட்போர்டில் கிரீஸோ ஆயிலோ சிந்தினால், அடுத்த வேலையே அதைத் துடைப்பதுதான்.

வாங்குமுன் சரிபார்க்க

1. முதல் படி கெட்டித் தரையிலிருந்து 55 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா? வரப்பில் இடிக்காதா?
2. குதிகால் முழுதும் போர்டுக்குள் அடங்குகிறதா?
3. பெடலை முழுதாக மிதித்தால் அடியில் இரண்டு விரல் இடம் இருக்கிறதா?
4. பத்து ரூபாய் நாணயம் ஓட்டையில் விழுகிறதா? கட்டைவிரல் மாட்டாமல் இருக்கிறதா?
5. உள்ளங்கையை அழுத்தி இழுத்தால் பிடிக்கிறதா, கீறாமல் இருக்கிறதா?
6. முன்னும் பின்னும் சேறு வெளியேறத் திறப்பு இருக்கிறதா?
7. சட்டம் திறந்த ஆங்கிளா? பைப் என்றால் வடிகால் ஓட்டை இருக்கிறதா?
8. அடிப்பக்கத்துக்குப் பூச்சு உண்டா?
9. வார்ப்பிரும்பில் வெல்டிங் இல்லாமல் போல்ட்டில் மாட்டுகிறதா?
10. கேஜ் வீல் மாட்டிய நிலையில் ஒரு கை அகலம் இடம் இருக்கிறதா?

கடைசியாக ஒன்று. நம் பக்கத்தில் வண்டிக்குச் சொந்தக்காரர் ஒருவர், கூலிக்கு ஓட்டுபவர் வேறொருவர். பணம் கொடுப்பவர் பட்டறைக்குப் போய், பார்வைக்கு நன்றாக இருப்பதை வாங்கி வந்துவிடுகிறார். அதன் மேல் நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய காலோடு நிற்பவரை யாரும் கேட்பதில்லை. வண்டி உங்களுடையது என்றால், பட்டறைக்குப் போகும்போது ஓட்டுபவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அவர் அந்தத் தகட்டின் மேல் ஏறி நிற்கட்டும். அவர் "சரி" என்று சொன்ன பிறகு பணத்தை எடுங்கள்.